தலையை அளப்பது பற்றி கலாவுக்கு

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம்டி. இங்கே வேலூர் வெயில் உனக்குத் தெரியாததா? காலை ஏழு மணிக்குக் கோட்டையைச் சுற்றி நடந்தாலே சேலை நனைந்துவிடுகிறது.

உங்கள் கிளினிக்கில் தலை கோணலான குழந்தைகளுக்கு எதை வைத்து அளப்பது என்று கேட்டிருந்தாய். டேப் மட்டும் போதாது. 15 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம் உள்ள படகுத் தலைக்கும் (நீண்டு ஒடுங்கிய தலை), 13.5 நீளம், 11.7 அகலம் உள்ள அகலமான தலைக்கும் சுற்றளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், 40-க்குச் சற்றுக் குறைவு. அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கிப் பார், 67, 87 என்று வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஆனால் ஒரு பக்கம் சப்பையான தலைக்கு அந்தக் கணக்கும் உதவாது. அதற்குக் காலிப்பரால், அதாவது இரண்டு கை உள்ள அளவுகோலால், நெற்றியின் ஒரு பக்கத்திலிருந்து பின்மண்டையின் எதிர்ப்பக்கம் வரை குறுக்காகப் போகும் இரண்டு மூலைவிட்டங்களை அளக்க வேண்டும். 13 செ.மீ.யும் 12.2 செ.மீ.யும் என்றால் 8 மி.மீ. வித்தியாசம். இங்கேதான் சிக்கல். அந்த வித்தியாசத்தைச் சிலர் பெரிய அளவால் வகுப்பார்கள், சிலர் சின்னதால். மூலைவிட்டத்தை நடுக்கோட்டிலிருந்து 30 டிகிரியில் எடுப்பவர்களும் உண்டு, 40-இல் எடுப்பவர்களும் உண்டு. வேறு ஊரில் எடுத்த எண்ணை உன் எண்ணோடு ஒப்பிட்டுப் பெற்றோரைப் பயமுறுத்தாதே. ஒரே ஆள், ஒரே முறையில் அளந்தால்தான் மாதாமாதம் ஒப்பிட முடியும்.

போன வாரம் குடியாத்தத்திலிருந்து ஒரு பாட்டி பேரனையும் கடுகு தலையணையையும் தூக்கிக்கொண்டு வந்தார். "எங்க வீட்டுல எல்லார் தலையும் நான் உருட்டி விட்டதுதான்" என்று பெருமை வேறு. குழந்தை ஒரே பக்கம் திரும்பியே படுக்கிறான், கழுத்து இறுக்கம். வளைக்கிற ஸ்கேலைத் தலையைச் சுற்றி வைத்து, அப்படியே எடுத்துத் தாளில் கோடு போட்டேன். சாய்ந்த இணைகரம் மாதிரி வந்தது. சப்பையான பக்கத்துக் காதும் நெற்றியும் முன்னால் தள்ளியிருந்தன. படுக்கையால் வருவது பெரும்பாலும் இப்படித்தான். பின்மண்டை எலும்பு இணைப்பு முன்கூட்டியே மூடியிருந்தால் சரிவகம் மாதிரி வரும். அந்தச் சந்தேகம் வந்தால் தாமதிக்காமல் அறுவை நிபுணரிடம் அனுப்பிவிடு. அந்தத் தாளைப் பார்த்ததும் பாட்டிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எண் சொல்லியிருந்தால் புரிந்திருக்காது.

3டி கேமரா நல்லதுதான். நொடிக்குள் படம் எடுத்துவிடும், குழந்தை துள்ளினாலும் பாதகமில்லை, கதிர்வீச்சும் கிடையாது. தலைமுடியை மட்டும் இறுக்கமான தொப்பிக்குள் அடக்க வேண்டும். அறுவைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட அதுதான் சரி. ஏனென்றால் படகுத் தலையில் அந்த அகல-நீளக் கணக்கு சரியாகிவிட்டாலும் நெற்றி துருத்திக்கொண்டே இருக்கலாம். உனக்கு இப்போதைக்கு அந்தச் செலவு வேண்டாம். வெறும் அளவுக்காக யாராவது சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னால் சண்டை போடு. எலும்பு மூடியதா என்று பார்க்கவும் அறுவைக்குத் திட்டமிடவும்தான் அது.

காலிப்பர் வாங்கும்போது முனை உருண்டையாக இருக்கிறதா பார், கூர்முனை வேண்டாம். அடுத்த மாதம் காட்பாடி வழியாகப் போகிறாயாமே, ரயில் நேரத்தை எழுது.

அன்புடன்,
சரசு