கஸ்தெல்மோலா சதுக்கத்துக்கு இருபது நிமிடம் போதாது

சிசிலித் தீவின் பலெர்மோ நகரிலிருந்து கோடைப் பயணம் ஒழுங்கு செய்யும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். போன ஜூலையில் உங்களில் ஒருவர் பிடித்த பஸ்ஸில் நானும் வந்தேன். யார் என்பது முக்கியமில்லை. எல்லாருடைய ஒழுங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். விடிய வெளிக்கிட்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடி, தவோர்மினாவில் கிரேக்க அரங்கு, கடைத்தெரு, சாப்பாட்டுப் பார்சல். அப்புறம் "மேலே ஒரு வடிவான இடம் இருக்கு" என்று சின்ன பஸ்ஸில் மலைமேல் இருக்கும் கஸ்தெல்மோலா என்ற ஊருக்கு ஏற்றினீர்கள். உச்சி வெயில். சாந்த் அந்தோனியோ சதுக்கத்தில் நின்றது இருபது நிமிடம்.

பாதிப்பேர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுத்தார்கள். மீதிப்பேர் கழிவறை தேடினார்கள். என் பக்கத்து சீட்டில் வந்த மாமி வரிசையில் நின்று முடித்து வெளியே வரவும், கீழே போகும் பஸ்ஸுக்குக் கைதட்டிக் கூப்பிடவும் சரியாக இருந்தது. "கடல் எந்தப் பக்கம் தம்பி?" என்று நடந்துகொண்டே கேட்டார். 529 மீட்டர் உயரத்துக்கு ஏறிய மனுஷி, கடலைப் பார்க்காமல் இறங்கினார்.

மனது கேட்கவில்லை. ஒக்டோபரில் தனியாகப் போய், இரவு தவோர்மினாவில் தங்கி, விடியற்காலையில் மதோன்னா தெல்லா ரொக்கா கோயில் வழியாக நடந்தே ஏறினேன். சதுக்கத்தில் ஒருவர் கதிரைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. கருப்பு எரிமலைக் கல்லும் வெள்ளைக் கல்லும் பதித்த தரை பனியில் நனைந்திருந்தது. (அந்தச் சதுக்கம் 1954இல் அமைத்தது. ஊர் பழசு என்பதற்காக அதையும் ஆயிரம் வருடத்துப் பழசு என்று மைக்கில் சொல்லவேண்டாம்.)

கம்பியோரம் நின்றால் அரங்கோடு சேர்த்து தவோர்மினா முழுக்கக் காலடியில். அதற்கும் கீழே நக்சோஸ் வளைகுடா, கடலுக்குள் நீட்டியபடி ஸ்கிசோ முனை. எப்போதோ ஓடி வந்த எரிமலைக் குழம்பு இறுகிப்போன நிலம் அது. கி.மு. 734இல் கிரேக்கர்கள் சிசிலியில் தங்கள் முதல் குடியிருப்பைப் போட்டது அங்கேதான். பிறந்த மண்ணை விட்டுக் கடல் தாண்டி வந்தவர்கள் இறங்கிய இடம் என்று நம் பிள்ளைகளுக்கு விரல் நீட்டிக் காட்டலாம். வேறு விளக்கம் தேவைப்படாது. இடப்பக்கம் நீரிணைக்கு அப்பால் இத்தாலியின் பெருநிலக் கரையான கலாப்ரியா. வலப்பக்கம் எட்னா எரிமலை, 3,300 மீட்டருக்கு மேல். சூரியன் கடலிலிருந்து ஏற ஏற அதன் முகத்தில் வெளிச்சம் இறங்கிவந்தது. ஜூலை மதியம், வெக்கை மூட்டத்துக்குள், அப்படி ஒரு மலை இருப்பதே நமக்குத் தெரியவில்லை.

அதனால் கேட்கிறேன்: ஒழுங்கைத் தலைகீழாக்குங்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறுதான் லீவு, இரவு தங்க முடியாது, சரி. நாலு மணிக்கு வெளிக்கிட்டால் ஒன்பதுக்குள் மேலே நிற்கலாம். முதலில் கஸ்தெல்மோலா, இரண்டு மணி நேரம். பிறகு தவோர்மினாவுக்கு நடந்து இறங்கலாம். நடக்க ஏலாதவர்களை மட்டும் பஸ்ஸில் அனுப்புங்கள். சைவர், வேதக்காரர் என்று பார்க்காமல் பலெர்மோவின் காவல் புனிதையான ரொசாலியா மாதாவிடம் பெலெக்ரினோ மலைக்கு நடந்து ஏறுகிற சனம் நாங்கள், இறங்க மாட்டோமா? கடைத்தெருவில் ஒரு மணி நேரத்தைக் குறைத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. காந்தம் ஒட்டிய எலுமிச்சம்பழம் பலெர்மோவிலும் விற்கிறார்கள்.

இன்னொன்று. சதுக்கத்திலேயே 1907இலிருந்து இருக்கும் சான் ஜோர்ஜோ கடையில் வாதுமை வைன் குடிக்க விடுங்கள். காலையிலேயேவா என்று கேட்காதீர்கள். சின்னக் கிளாஸில், நன்றாகக் குளிரவைத்துத் தருவார்கள். சர்பத் மாதிரி இனிக்கிறதே என்று இரண்டாவது கிளாஸ் எடுத்தவர்களை மட்டும் படியிறங்கும்போது கொஞ்சம் கவனியுங்கள்.

அப்புறம், பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கழிவறை எங்கே என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்த பயணத்துக்கு என் பெயரையும் மாமியின் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். அங்கே எவ்வளவு நேரம் நிற்போம் என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். அதற்குப் பிறகுதான் காசு தருவாராம்.

இப்படிக்கு,
பின் சீட்டில் வந்தவன்