கதவு உங்களுடையது, ஃப்ரீசர் எங்களுடையது: பதிவாளருக்கும் வளாகத் திறப்புக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கும் வளாகத் திறப்புக் குழுவின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கொரோனா தொற்றால் மூடிய வளாகம் படிப்படியாகத் திறக்கும் இந்த நாட்களில், கடந்த சனிக்கிழமை உயிரியல் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் நடந்தது உங்கள் மேசைக்கு வந்திருக்கும். வாயிற்காவல் பதிவேட்டில் அது ஒரே வரி: அனுமதிக் கடிதம் இல்லாததால் இருவர் திருப்பி அனுப்பப்பட்டனர். காவலர் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. சுற்றறிக்கையில் இருந்ததை அவர் செய்தார். திருப்பி அனுப்பப்பட்ட இருவர் கையிலும் தெர்மோகோல் பெட்டிகளில் 20 கிலோ உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) இருந்தது. மாடியில் ஆய்வு மாதிரிகளை உறைய வைத்திருக்கும் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரின் அபாய மணி அடித்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பூட்டு; அதைத் திறக்க மூன்று கையெழுத்து.

அந்தக் கையெழுத்துகளைப் பற்றித்தான் இந்த மடல். நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. ஆய்வகத்துக்கு இரண்டு பேர் என்று ஒரு பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே ஏற்று, அதை வாயிற்காவல் அறையில் வையுங்கள். பட்டியலில் உள்ளவர்கள் எந்த நாளிலும் எந்த நேரத்திலும், அன்றன்று கடிதம் வாங்காமல் உள்ளே போகலாம் என்று எழுதிக் கொடுங்கள்.

ஃப்ரீசர் பழசு, அதனால்தான் நின்றது என்று பராமரிப்புப் பிரிவு சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டோம். பழசுதான், மறுக்கவில்லை. ஆனால் அது நின்றது வயதால் அல்ல. ஒற்றைக் கம்ப்ரசரைக் கொண்டு −80 டிகிரிக்கு இறங்குவது கடினம் என்பதால் இந்த வகை ஃப்ரீசர்களில் இரண்டு கம்ப்ரசர்கள் அடுக்காக வேலை செய்கின்றன. உள்ளிருக்கும் வெப்பத்தை ஒன்று எடுத்து மற்றதிடம் கொடுக்கும். மற்றது அதை அறைக் காற்றில் கொட்டும். மோட்டார்களின் சூடும் அதே அறையில்தான் சேரும். ஐந்து ஃப்ரீசர் நிற்கும் ஜன்னலில்லாத அறையில் ஏ.சி.யை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இயற்பியல் பட்டம் தேவையில்லை. "ஆளில்லாத கட்டடங்களில் ஏ.சி. இயக்கப்படக் கூடாது" என்ற சிக்கனச் சுற்றறிக்கை வந்த மறுநாளே அது நிறுத்தப்பட்டது. ஆள் இல்லைதான், ஐயா. ஃப்ரீசர் இருந்ததே.

அறை சூடேறினால் வெப்பத்தை இறக்கி வைக்க இடமில்லாமல் கம்ப்ரசரில் அழுத்தம் ஏறும். பாதுகாப்பு சுவிட்ச் அதை நிறுத்தும். ஆறியதும் ஓடும், மறுபடி நிற்கும். காற்று உள்ளே போகும் வழியில் உள்ள ஃபில்டரில் தூசி அடைத்திருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். முன்பக்கக் கிரில்லைத் திறந்து, ஃபில்டரை உருவி, குழாயடியில் கழுவி, ஈரம் போக உலர்த்தி மாட்ட வேண்டும். மாதம் ஒரு முறை செய்தால் போதும்; உலரும் நேரத்தைச் சேர்க்காமல் பத்து நிமிட வேலை. கட்டடம் மூடியதிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. மூடிய காலத்துக்கான அத்தியாவசியப் பராமரிப்புப் பட்டியலில் லிஃப்ட் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, புல்வெளி இருக்கிறது. ஃப்ரீசர் ஃபில்டர் இல்லை.

ஃப்ரீசரில் பொருத்திய உணரி கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். ஆகவே வெளியே நின்றபடியே எல்லாம் தெரிந்தது. சனி மதியம் 2 மணிக்கு −61. இரவு 9 மணிக்கு −38. ஞாயிறு காலை 7 மணிக்கு −17. திங்கள் 10 மணிக்கு, அலுவலக நேரம் தொடங்கியதும் முறைப்படி கதவு திறக்கப்பட்டபோது +3. கதவடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. உலர்பனி அதுவரை காத்திருக்கவில்லை. நல்ல பெட்டியில் மூடி வைத்தாலும் நாளுக்குச் சில கிலோ ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும்.

சனிக்கிழமை மதியமே விட்டிருந்தால் செய்ய வேண்டியது பெரிய வித்தையும் இல்லை. மேல் தட்டில் உலர்பனியை அடுக்கிக் கதவைச் சாத்துவது. குளிர் காற்று கனமானது, தானே கீழே இறங்கும். ஃபில்டரைக் கழற்றுவது. ஏ.சி.யைப் போடுவது. அடுத்த ஃப்ரீசரில் இடம் பார்த்து, திரும்ப எடுக்க முடியாத மாதிரிகள் உள்ள ரேக்குகளை முதலில் மாற்றுவது. இதற்கு இருவர் வேண்டும் என்று நாங்கள் சொல்வது துணைக்காக அல்ல. உலர்பனி கார்பன் டை ஆக்சைடாக மாறி அடைத்த அறையில் நிரம்பினால் உள்ளே இருப்பவருக்கு முதலில் மூச்சு முட்டும், பிறகு மயக்கம் வரும். ஒருவர் உள்ளே வேலை செய்ய, ஒருவர் கதவைத் திறந்து பிடித்தபடி வாசலில் நிற்க வேண்டும்.

இனி, எது போயிற்று என்ற கேள்வி. சேதப் பட்டியல் ஒன்றைப் படிவத்தில் நிரப்பித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். அங்கேதான் சிக்கலே. ஃப்ரீசர் பழுது பார்க்கப்பட்டு இப்போது மறுபடி −80 காட்டுகிறது. ட்யூப்கள் எல்லாம் உறைந்து, லேபிளோடு, ஒழுங்காக இருக்கின்றன. பார்த்தால் ஒன்றும் ஆகாத மாதிரிதான் தெரியும். ஆனால் ஒரு முறை உருகி மறுபடி உறைந்த புரதம் திரண்டு செயலிழந்திருக்கலாம். திசுக்களில் இருந்த, மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகியிருக்கும். டி.என்.ஏ.வை உள்வாங்கத் தயார்செய்து வைத்த பாக்டீரியா செல்கள் வெறும் கஞ்சி. கிளிசராலில் வைத்த பாக்டீரியாக்களில் பல பிழைத்திருக்கும். சீரத்தில் உள்ள ஆன்டிபாடிகள் ஓரளவு தாங்கியிருக்கும், அதே ட்யூபில் உள்ள வேறு சில பொருள்கள் தாங்கியிருக்காது. எது எது என்று ஒவ்வொன்றையும் சோதித்தால்தான் தெரியும். சோதிக்கச் சோதிக்க மாதிரி தீரும். சோதிக்காமல் விட்டால் இன்னும் ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் அதை எடுத்து, வராத முடிவுக்காகத் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பார். ஆகவே படிவத்தில் "சேதமடைந்தவற்றின் எண்ணிக்கை" என்ற கட்டம் காலியாக வந்தால் அலட்சியம் என்று எண்ண வேண்டாம்.

(வளாகத்தில் வேறு ஆய்வகங்களுக்கு ஒரு குறிப்பு: ஒரு சிறு டப்பியில் தண்ணீரை உறைய வைத்து அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்து ஃப்ரீசரில் விடுங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால் உள்ளே உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். மேலேயே இருந்தால் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். −10 வரை ஏறி இறங்கியிருந்தாலும் நாணயம் அசையாது.)

நடைமுறையில் உள்ள விதி என்னவென்று உங்களுக்குத் தெரியும். நுழைய 48 மணி நேரத்துக்கு முன் விண்ணப்பம். நெறியாளர், துறைத்தலைவர், புல முதல்வர் என மூவர் மையில் கையெழுத்து. அதில் இருவர் வீட்டிலிருந்து பணி செய்கிறார்கள். கம்ப்ரசர் நிற்கப்போவதை 48 மணி நேரம் முன்னதாக அறிவிக்கும் ஃப்ரீசரை இன்னும் யாரும் தயாரிக்கவில்லை.

சுழற்சி முறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள், ஒரு வாரம் உள்ளே, இரண்டு வாரம் வெளியே, காலை 10 முதல் மாலை 4 வரை. காகிதத்தில் நியாயமாகத்தான் இருக்கிறது. செல் கல்ச்சர், அதாவது உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்க்கும் வேலை, செய்பவரின் வாரத்தை வைத்துப் பாருங்கள். வெளியே இருக்கும் இரண்டு வாரமும் செல்களைக் கவனிக்க ஆளில்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பிரித்து வளர்க்காவிட்டால் அவை நெருக்கத்திலேயே செத்துவிடும். அதனால் எல்லாவற்றையும் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துவிட்டுப் போக வேண்டும். தன் வாரம் வந்ததும் திங்களன்று உருக்கி எடுத்து, செவ்வாயன்று செல்கள் வளரும் ஊட்டக் கரைசலை மாற்றி, வியாழனன்று முதல் முறை பிரிக்கலாம். செல்கள் பழைய நிலைக்கு வந்து சோதனைக்கு லாயக்காக இரண்டு மூன்று முறையாவது பிரித்து வளர்த்திருக்க வேண்டும். அதற்குள் வெள்ளி மாலை 4 மணி ஆகிவிடுகிறது. மறுபடி உறைய வைத்துவிட்டு இரண்டு வாரம் வெளியே. சோதனை என்று ஒன்று நடப்பதே இல்லை. உருக்குவதும் உறைய வைப்பதுமாக ஆண்டு போகிறது. மரபியல் ஆய்வுக்காக வளர்க்கும் பழ ஈக்களின் கதை இதைவிட மோசம். அவற்றை வழக்கமான முறையில் உறைய வைத்துக் காக்கவும் வழியில்லை. 25 டிகிரியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புதிய குப்பிக்கு மாற்றியாக வேண்டும். 18 டிகிரியில் வைத்தால் ஏறத்தாழ இருமடங்கு நாள் தாங்கும். ஒரு முறை தவறினால் அந்த வம்சமே போய்விடலாம்.

நேரத்தைக் குறைத்தால் தொற்று குறையும் என்பது குழுவின் எண்ணம் என்று நினைக்கிறோம். நேரத்தைக் குறைத்தால் கூடுவது கூட்டம்தான். ஒரே பன்னிரண்டு பேரை ஆறு மணி நேரத்துக்குள் அடைப்பதற்குப் பதில் பதினெட்டு மணி நேரத்தில் பரப்பினால் அறையில் ஒரே சமயத்தில் நாலு பேர்தான் இருப்பார்கள். மணிக்கு ஆறு முறை காற்று மாறும் அறையில், ஆள் வெளியேறிய பின் காற்றில் மிதப்பதில் 99 சதவீதம் நீங்க 46 நிமிடம் ஆகும். பன்னிரண்டு முறை மாறினால் 23 நிமிடம். ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் நடுவே ஒரு மணி நேரம் விட்டால் தாராளம். புகைபோக்கிக் கூண்டுகள் ஓடும் வேதியியல் ஆய்வகங்களில் உள்காற்று தொடர்ந்து வெளியே தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் கையெழுத்துக்காக எங்களை வரிசையில் நிறுத்தும் அலுவலக அறையில் திறக்கும் ஜன்னல் ஒன்றுகூட இல்லை.

வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானி நீட்டுகிறீர்கள். காய்ச்சல் வராமலேயே தொற்றைப் பரப்புபவர்கள் உண்டு என்பது 2020லேயே தெரிந்த செய்தி. தாழ்வாரங்களில் வாரம் இரு முறை ஹைப்போகுளோரைட்டைப் புகைபோல் அடிக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்திலேயே அதைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. செல்களை வளர்க்கும் இன்குபேட்டரின் துருப்பிடிக்காத எஃகைத் துருப்பிடிக்க வைப்பதில் மட்டும் அது நன்றாக வேலை செய்கிறது. போதாததற்கு மாணவர் நலப் பிரிவிலிருந்து ஊக்க மடல் வேறு: 1665இல் கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜ் மூடப்பட்டபோது நியூட்டன் வீட்டில் உட்கார்ந்தே சாதித்தாராம். சாதித்தார். அவருக்குத் தேவைப்பட்டது காகிதமும் இறகுப் பேனாவும் ஒரு முப்பட்டகமும். வூல்ஸ்தோர்ப்பில் இருந்த அந்த வீட்டில் அவர் ஈ வளர்க்கவில்லை.

விடுதியைக் காலி செய்ய 24 மணி நேரம் தந்தது பற்றியும், ஆய்வேடு சமர்ப்பிக்கும் கடைசி நாளை ஆறு மாதம் தள்ளிவைத்துவிட்டு உதவித்தொகையை மட்டும் பழைய தேதியிலேயே நிறுத்துவது பற்றியும் எழுத வேறு மடல் வேண்டும். எழுதுவோம்.

மன்னிக்கவும், எங்கோ போய்விட்டோம். கேட்க வந்தது பட்டியலை.

முடியாதது எதையும் கேட்கவில்லை என்பதற்கு உங்கள் பதிவேடே சாட்சி. தொற்றுப் பரிசோதனைக்கு ரியல்-டைம் பி.சி.ஆர். கருவிகள் வேண்டும் என்று கேட்டீர்கள், இதே கட்டடத்திலிருந்து கொடுத்தோம். கடைகளில் சானிட்டைசர் கிடைக்காதபோது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, 80 சதவீதம் எத்தனால், 1.45 சதவீதம் கிளிசரால், 0.125 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடு என்று இதே ஆய்வகங்களில்தான் கலக்கினோம். அந்த வாரங்களில் இரவு 2 மணிக்கும் கதவு திறந்தது. மூன்று கையெழுத்தும் யாரும் கேட்கவில்லை. காவலரிடம் ஒரு பெயர்ப் பட்டியல் இருந்தது, அவ்வளவுதான்.

அதே பட்டியலைத்தான் இப்போதும் கேட்கிறோம். நிபந்தனைகள் போடுங்கள், ஏற்கிறோம்: இருவரும் சேர்ந்தே நுழைவது, உள்ளே என்-95 முகக்கவசம், நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் காரணமும் பதிவேட்டில். பட்டியலை மாதம் ஒரு முறை மாற்றுங்கள். ஒருவருக்கு உடல்நிலை சரியில்லாவிட்டால் அவர் இடத்தில் வர மூன்றாவது பெயர் ஒன்றையும் சேர்த்துத் தருகிறோம். ஃப்ரீசர் அறைகளின் ஏ.சி.க்கு மட்டும் சிக்கனச் சுற்றறிக்கையிலிருந்து விலக்கு கொடுங்கள். அந்த அறைகளின் கதவு எண்களை இணைத்திருக்கிறோம்.

பதினான்கு ஆய்வகங்கள், இருபத்தெட்டுப் பெயர்கள், நெறியாளர்களின் ஒப்புதலோடு இந்த மடலுடன் வருகின்றன. உங்கள் ஒரு கையெழுத்து போதும். வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு முன் அது வாயிற்காவல் அறைக்குப் போய்ச் சேர அன்புகூர்ந்து ஆவன செய்யுங்கள். சனிக்கிழமை காலை மற்ற நான்கு ஃப்ரீசர்களின் ஃபில்டரையும் கழற்ற வேண்டியிருக்கிறது.

பணிவுடன்,
உயிரியல், வேதியியல் துறைகளின் ஆய்வு மாணவர்கள்