உளுந்தில் மஞ்சள் தேமல்: மார்கழிக்குள் விதை வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பா, தாளடி நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பாக, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போதே நிற்கிற கதிருக்குள் உளுந்தையும் பாசிப்பயறையும் தெளித்துவிட்டு, எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் வளர்த்தெடுப்பது காவிரி டெல்டாவின் நெடுநாள் வழக்கம். தண்ணீர் பாய்ச்சாமல் எழுபது, எழுபத்தைந்து நாளில் கைக்கு வரும் இந்தப் பயிரை நம்பித்தான் எங்களில் பலர் கோடைச் செலவுகளுக்குத் திட்டமிடுகிறோம். அந்த நம்பிக்கையைக் குலைத்து வருவது மஞ்சள் தேமல் நோய்.

கடந்த தை மாதம், மஞ்சள் தேமலைத் தாங்கும் என்று பையில் அச்சிட்டிருந்த விதையைத் தனியார் கடை ஒன்றில் வாங்கி இரண்டு ஏக்கரில் தெளித்தேன். இருபது நாள் வரை பயிர் கண்ணுக்குக் குளிர்ச்சியாகவே இருந்தது. பிறகு ஒரு நாள் காலையில் கொழுந்திலையில் ஊசியால் குத்தியது போல மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன; அடுத்து விரிந்த இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்தன; அதற்கடுத்த இலை பச்சையே இல்லாமல் வந்தது. செடியைத் தட்டினால் இலையின் அடியிலிருந்து வெள்ளை ஈக்கள் மாவைத் தூவியது போலப் பறந்தன. கடையில் சொன்னபடி இரண்டு முறை மருந்து அடித்தேன். ஈ குறைந்தது, மஞ்சள் குறையவில்லை. பிடித்த காய்களும் சிறுத்து வளைந்து போயின. இரண்டு ஏக்கரிலும் சேர்த்து ஒரு மூட்டை தேறவில்லை.

இந்த நோய்க்குக் காரணம் வைரஸ். செடிக்குள் புகுந்துவிட்ட வைரஸை வெளியேற்றும் மருந்து எதுவும் கிடையாது. மலைப்பகுதிகளில் பீன்ஸைத் தாக்கும் தேமல் வைரஸ் விதை வழியாகவும் அசுவினிப் பூச்சி வழியாகவும் பரவுவதால் அங்கே நோயற்ற விதையே முதல் காப்பு. ஆனால் உளுந்தின் மஞ்சள் தேமலை வயலுக்கு வயல் கொண்டுபோவது வெள்ளை ஈ. நோய்ச் செடியில் ஒருமுறை சாறு உறிஞ்சிய ஈ, பல நாள்களுக்கு வைரஸைச் சுமந்து திரியும். முதல் மூன்று, நான்கு வாரங்களுக்குள் நோய் வந்தால் விளைச்சல் முழுவதுமே போய்விடக்கூடும். பூத்துக் காய் பிடித்த பிறகு வந்தால் இழப்பு குறைவு. ஆகவே பயிரைக் காக்க வேண்டிய காலம் விதைப்பும் அதற்குப் பிந்திய முப்பது நாள்களுமே.

இதில் முதன்மையானது ரகம். எங்கள் மாவட்டத்துக்கு அருகிலேயே, புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசியப் பயறு வகை ஆராய்ச்சி மையம், வம்பன் 8 போன்ற எதிர்ப்புத் திறனுள்ள ரகங்களை உருவாக்கித் தந்திருக்கிறது. ஆனால் எங்கள் வட்டாரத்தில் அரசு வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு அந்த விதை வந்து சேரும் நேரத்தில், பெரும்பாலான வயல்களில் தெளிப்பு முடிந்து ஈரமும் காய்ந்திருக்கும். வேறு வழியின்றிக் கையிருப்பு விதையையோ கடை விதையையோ தெளிக்கிறோம். வட மாநிலங்களில் இந்நோயைப் பெரிதும் உண்டாக்கும் வைரஸ் வேறு, தென்னகத்தில் பரவியிருக்கும் வைரஸ் வேறு என்பதால், அங்கே தாங்கிய ரகம் இங்கேயும் தாங்கும் என்று சொல்ல முடியாது. பையின் மேல் ரகத்தின் பெயரோடு, அது எந்தப் பகுதியில் சோதிக்கப்பட்டது என்பதையும் அச்சிட வேண்டும் என்று விதை ஆய்வுத் துறை வற்புறுத்தினால் என்னைப் போன்றவர்கள் ஏமாற மாட்டோம்.

விவசாயிகளாகிய நம் பங்கும் இருக்கிறது. கிலோ விதைக்கு 5 மில்லி இமிடாகுளோபிரிட் மருந்தில் விதை நேர்த்தி செய்து தெளித்தால் இளம்பயிரை ஈ அண்டுவது குறையும். மஞ்சள் கண்ட செடியை, இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று விட்டுவைக்காமல் வேரோடு பிடுங்கி அழிக்க வேண்டும். பிடுங்க மனம் வராது என்பதை அறிவேன். ஆனால் வயலில் நிற்கும் ஒவ்வொரு நோய்ச் செடியும் ஈக்கு வைரஸை ஊட்டுகிறது. திருவாரூர் மாவட்டத்தில் கோடைப் பருத்தியும் உளுந்தும் அடுத்தடுத்த வயல்களில் நிற்கின்றன. பருத்தியில் பெருகும் வெள்ளை ஈ உளுந்துக்கு வருகிறது. பருத்திக்குச் செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடிப்பது, ஈயைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளைக் கொன்று ஈயையே பெருக்கிவிடுகிறது. வரப்புக்கு இந்தப் பக்கம் ஒருவர் மட்டும் கவனமாக இருந்து பயனில்லை என்பதால், விதைத்த முதல் மாதத்தில் வேளாண் அலுவலர்கள் ஊர்க்கூட்டம் கூட்டி, கிராமம் முழுவதும் ஒரே வாரத்தில் நோய்ச் செடிகளைக் களைய ஏற்பாடு செய்ய வேண்டும்.

உளுந்துக்காக மியான்மரை எதிர்பார்க்கும் நிலையை மாற்ற, துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்பு ஆகியவற்றில் தற்சார்பு அடைவதற்கான இயக்கத்தை மத்திய அரசு 2025-ல் அறிவித்துள்ளது. அந்த நிதியில் டெல்டாவுக்கு வரும் பங்கிலிருந்து, எதிர்ப்புத் திறனுள்ள உளுந்து விதையை மார்கழி முடிவதற்குள் ஒவ்வொரு விரிவாக்க மையத்திலும் இருப்பு வைக்குமாறு வேளாண்மைத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உளுந்து விவசாயி ஒருவர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.