பாடனில் முதல் தசைன்: கோமதிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அவருக்கு காத்மாண்டு மாற்றல் உறுதியானதும், பாடனில் வீடு அமைந்ததும் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. சின்னவன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான்.

இனி உன் கேள்வி. வீட்டுக்காரர்கள் சாக்கியர்கள், அதாவது காத்மாண்டு பள்ளத்தாக்கின் பழங்குடிகளான நேவார்களில் பௌத்தர்கள். அவருடைய அலுவலக நண்பர்கள் மலைப்பகுதி சேத்ரிகள், இந்துக்கள். யார் வீட்டில் எந்தப் பண்டிகை, போனால் எப்படி நடந்துகொள்வது என்று கேட்டிருக்கிறாய். நம் நவராத்திரி போன்ற தசைன், தீபாவளி போன்ற திஹார், இரண்டும் இரண்டு வீட்டிலும் உண்டு. செய்முறைதான் மாறும். காத்மாண்டுவின் குமாரியை எடுத்துக்கொள். சாக்கியர் குலத்தில், பௌத்தக் குடும்பத்தில் பிறந்த சிறுமி அவள். அவளைத்தான் மன்னர் குலதெய்வமான தலேஜு பவானியாக இந்துக்கள் வணங்குகிறார்கள். அங்கே இது பௌத்தம், இது இந்து என்று கோடு போட்டுப் பார்க்க ஆரம்பித்தால் உனக்குக் குழப்பமே மிஞ்சும். யார் யாருக்குப் பொட்டு வைக்கிறார்கள் என்பதைப் பார். அது புரிந்தால் பண்டிகை முழுவதும் புரிந்துவிடும்.

தசைன் நம் நவராத்திரி தொடங்கும் அதே பிரதமையில் தொடங்குகிறது. ஆனால் தசமியோடு முடியாமல் பௌர்ணமி வரை 15 நாள் நீளும். முதல் நாள் கடஸ்தாபனா. கலசம் வைத்து, பக்கத்தில் ஜமரா விதைப்பார்கள். நம் ஊர் முளைப்பாரியைப் பார்த்த உனக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். வெயில் படாத அறையில் வளர்க்கும் பார்லி நாற்றுதான் ஜமரா. வெளிச்சம் இல்லாததால் பச்சை ஏறாமல் மஞ்சளாக வரும். தசமியன்று ஆசீர்வாதத்தோடு சேர்த்துக் கொடுப்பது இதைத்தான்.

நீயும் ஒரு தட்டு விதைத்துப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறாய், அதனால் முறையைச் சொல்கிறேன். கஞ்சிக்கு விற்கும் பாலிஷ் போட்ட பார்லி முளைக்கவே முளைக்காது. உமியோடு இருக்கும் விதை பார்லியை அசன் கடைத்தெருவில் கேட்டு வாங்கு. போன வருட விதை வேண்டாம், பாதிதான் முளைக்கும். ஓரடிக்கு ஓரடித் தட்டுக்குச் சுமார் 200 கிராம் போதும். முதல் நாள் இரவே ஊறவைத்து, காலையில் தண்ணீரை நன்றாக வடித்துவிடு. சலித்த ஆற்று மணலை இரண்டு விரல்கிடை உயரத்துக்குப் பரப்பி, விதையை ஒன்றோடொன்று தொடும்படி நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிய மணல் போர்வை. காலையும் மாலையும் கையால் தெளித்தாலே போதும், ஊற்றக் கூடாது. பெரும்பாலும் கெடுவது தண்ணீர் அதிகமாகித்தான். அடியில் தேங்கினால் மூன்றாம் நாளே புளித்த வாடை வரும், வெள்ளைப் பூஞ்சை படரும், பிறகு அந்தத் தட்டைக் காப்பாற்ற முடியாது. அடியில் துளை உள்ள தட்டாகப் பார்த்துக்கொள். ஜன்னல் இடுக்கில் வெளிச்சம் வந்தால் அந்தப் பக்கம் மட்டும் பச்சையாகி வளைந்துவிடும், துணி கட்டி அடைத்துவிடு. பழைய வழக்கத்தில் தசைன் அறைக்குள் ஆண்கள்தான் போவார்கள். இப்போது பல வீடுகளில் அப்படி இல்லை. ஆனாலும் அடுத்தவர் வீட்டில் அழைக்காமல் அந்த அறைக்குள் போய்விடாதே.

ஏழாம் நாள் பூல்பாதி. கோர்க்கா அரண்மனையின் தசைன் அறையிலிருந்து இலைகளும் பூக்களும் பல்லக்கில் காத்மாண்டுவின் பழைய அரண்மனையான ஹனுமான் தோக்காவுக்கு வரும். அரசு அலுவலகங்கள் அன்றிலிருந்து விடுமுறை. எட்டாம் நாள் இரவிலும் ஒன்பதாம் நாளிலும் கோயில்களில் பலி நடக்கும். உனக்கு அது பிடிக்காது என்று தெரியும், அந்த இரண்டு நாளும் கோயில் பக்கம் போக வேண்டாம். நவமியன்று காத்மாண்டுவின் தலேஜு கோயில் மக்களுக்குத் திறக்கும். 1564இல் மகேந்திர மல்ல மன்னர் கட்டிய கோயில், வருடத்தில் அந்த ஒரு நாள்தான் திறக்கிறார்கள். விடிவதற்கு முன்பே வரிசையில் நின்றாக வேண்டும். நம் ஆயுத பூஜை போல அன்றே வண்டி, கருவிகளுக்கும் பூஜை.

உன் வீட்டுக்காரர்கள் இதே நாட்களை மோஹனி என்று கொண்டாடுவார்கள். அஷ்டமியன்று குச்சி போயே என்ற விருந்து. வீட்டார் அனைவரும் வயது வரிசையில் தரையில் உட்கார, ஒவ்வொருவர் வாழையிலையிலும் இரண்டு மானா அவல் குவிப்பார்கள். ஒரு மானா அரை லிட்டருக்குச் சற்று மேல், அப்படியென்றால் ஓர் ஆளுக்கு ஒரு லிட்டர் அளவுக்கு மேல் அவல். அதைச் சுற்றி இறைச்சி, கறுப்பு சோயா, இஞ்சி, கீரை. பல குடும்பங்களில் பலிக்குப் பதிலாக நீர்ப்பூசணியை வெட்டுவார்கள். பொட்டும் வேறு. சிவப்போடு, விளக்குக் கரியால் நெற்றியில் ஒரு கறுப்புக் கோடும் இழுப்பார்கள். அதை வைத்துவிட வந்தால் தயங்காமல் நெற்றியைக் காட்டு, உன்னை வீட்டு ஆளாக நினைக்கிறார்கள் என்று அர்த்தம். அசைவம் சாப்பிடுவதில்லை என்பதை மட்டும் பண்டிகைக்குப் பல நாள் முன்பே அந்த வீட்டு மூத்த பெண்மணியிடம் சொல்லிவிடு. இலையில் பரிமாறிய பிறகு ஒதுக்கி வைத்தால் அவர்களுக்குச் சங்கடம்.

தசமியன்று டிகா. அரிசி, தயிர், அபிர் எனும் சிவப்புப் பொடி, இந்த மூன்றின் கலவை. ஒரு கோப்பை அரிசியைக் கழுவி வடித்து, துணியில் அரை மணி நேரம் உலர்த்தி, கெட்டித் தயிர் நாலைந்து ஸ்பூன், அபிர் இரண்டு ஸ்பூன் சேர்த்துப் பிசைவார்கள். தயிரில் நீர் இருந்தால் பொட்டு மூக்கில் வழியும், ஆகவே முதல் நாளே துணியில் கட்டித் தொங்கவிடுவது நல்லது. பிசைந்ததும் வைத்தால் அரிசி உதிர்ந்துவிடும். அரை மணி நேரமாவது ஊறினால்தான் நெற்றியில் பிடிக்கும். சில வீடுகளில் ஒட்டுவதற்காகக் கொஞ்சம் சர்க்கரையோ மசித்த வாழைப்பழமோ சேர்ப்பதுண்டு. மலிவான அபிர் தோலை அரிக்கும், குழந்தைகளுக்கு வைக்கும்போது கவனி.

நல்ல நேரத்தைப் பஞ்சாங்கக் குழு அறிவிக்கும். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்கலாம். மூத்தவர் கையால் இளையவர் வாங்க வேண்டும், மாற்றி நடக்காது. நீ குனிந்து நிற்க, அவர் பொட்டு வைத்து, ஜமராவைத் தலையில் வைத்து, மந்திரமோ வாழ்த்தோ சொல்லி, தட்சிணை கொடுப்பார். இதில் உன்னைத் திகைக்க வைக்கப்போகும் ஒன்று உண்டு. சேத்ரி வீடுகளிலும் பாகுன் எனும் மலைப்பகுதி பிராமணர் வீடுகளிலும் மகளும் சகோதரி பிள்ளைகளும் வணக்கத்துக்கு உரியவர்கள். நரைத்த தாய்மாமன் தன் சகோதரியின் எட்டு வயது மகள் காலைத் தொடுவார். அவர்கள் மகளை யார் காலிலும் விழவிட மாட்டார்கள். உன் பெண் நம் பழக்கத்தில் அந்த வீட்டுப் பெரியவர் காலில் விழப் போனால் அவரே பதறிப்போய்த் தடுப்பார். அதை மறுப்பு என்று நினைத்துவிடாதே. தட்சிணை வேண்டாம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். பத்து ரூபாயோ நூறு ரூபாயோ, அது ஆசீர்வாதத்தின் ஒரு பகுதி. நீங்கள் அங்கிருக்கும் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் புது நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். தசைனுக்கு முன்பு நேபாள ராஷ்டிர வங்கி அதற்காகவே புது நோட்டுகளை வெளியிடுவது வழக்கமாக இருந்தது.

யாரையும் பார்த்தவுடன் டிகா வைத்துக்கொள்ளவில்லையா என்று கேட்காதே. பெற்றோர் இறந்து ஒரு வருடம் ஆகாதவர் வைத்துக்கொள்ள மாட்டார். ராய், லிம்பு, மகர், குருங், தமாங் மக்களில் பலர் அபிர் சேர்க்காத வெள்ளை டிகாதான் வைப்பார்கள். தசைனையே கொண்டாடுவதில்லை என்று முடிவெடுத்தவர்களும் அவர்களில் உண்டு. தசமியன்று போக முடியாவிட்டாலும் பரவாயில்லை, பௌர்ணமி வரை எந்த நாளும் போய் வாங்கலாம். அலுவலக நண்பர் வீட்டுக்கு இரண்டாம் மூன்றாம் நாள் போவதே நல்லது. முதல் நாள் நெருங்கிய உறவுக்கு உரியது.

அடுத்த அமாவாசையை ஒட்டி ஐந்து நாள் திஹார். முதல் நாள் காகத்துக்கு, இரண்டாம் நாள் நாய்க்கு. தெரு நாய்க்கெல்லாம் மாலையும் பொட்டும் விழும். கண் பக்கம் அபிர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல் பெண்ணிடம். மூன்றாம் நாள் பசுவுக்கும், மாலையில் லட்சுமிக்கும். அன்றிரவிலிருந்து பைலோ, தேவுசி என்ற பண்டிகைப் பாட்டுகளைப் பாடிக்கொண்டு குழுக்கள் வாசலுக்கு வரும். முறத்தில் விளக்கு, பூ, அரிசி, பணம், செல் ரொட்டி வைத்துக் கொடுக்க வேண்டும். வெறுங்கையோடு அனுப்பினால் நன்றாக இருக்காது.

செல் ரொட்டி வளையமாக வரும் அரிசிப் பலகாரம். நீ நன்றாகச் செய்வாய், அதனால் அளவு எழுதுகிறேன். ஒரு கிலோ பழைய அரிசி, இரவு முழுக்க ஊறட்டும். கால் கிலோ சர்க்கரை, 150 முதல் 200 கிராம் நெய், நன்கு பழுத்த வாழைப்பழம் ஒன்று, ஏலக்காய் ஐந்தாறு. அரிசியை வடித்து அரைத்து, கையில் லேசாக நறநறவென்று படும் பதத்தில் நிறுத்திவிடு. மைபோல அரைத்தால் ரொட்டி கல்லாகும். நெய்யையும் சர்க்கரையையும் வெளுக்கும் வரை தேய்த்து மாவில் கலந்து, கையிலிருந்து அறுபடாத கயிறாக விழும் அளவுக்குத் தண்ணீர் விடு. தோசை மாவைவிட ஒரு பங்கு கெட்டி. ஒன்றிரண்டு மணி நேரம் மூடி வை, இறுகினால் தண்ணீர் தெளித்துக்கொள். மிதமான சூட்டில் எண்ணெயில் வட்டமாக விட்டு, தொடங்கிய முனையின்மேல் முடிக்கும் முனை ஏறும்படி இணைத்து, மூங்கில் குச்சியால் திருப்பு. வளையம் சிதறினால் நெய் கூடிவிட்டது, கொஞ்சம் அரிசி மாவு சேர். தட்டையாகி எண்ணெய் குடித்தால் மாவு நீர்த்திருக்கிறது, அல்லது எண்ணெய் காயவில்லை. சீக்கிரம் கருத்தால் சர்க்கரை அதிகம். முதல் ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்துத் திருத்திக்கொண்டு பிறகு மீதியைச் சுடு.

அமாவாசைக்கு மறுநாள் மாலை உன் வீட்டுக்காரர்களுக்கு ம்ஹ பூஜா. எனக்கு அந்த ஊர்ப் பண்டிகைகளிலேயே மிகவும் பிடித்தது இதுதான். அவரவர் தம் உடலை, உள்ளிருக்கும் உயிரைப் பூஜிக்கும் நாள். நேபாள் சம்வத் புத்தாண்டும் அன்றே. கி.பி. 879இல் தொடங்கிய ஆண்டுக்கணக்கு அது. கடன்பட்ட மக்களின் கடனையெல்லாம் தீர்த்து அதைத் தொடங்கியவர் சங்கதர் சாக்வா என்பது மரபு. நேபாள அரசு 1999இல் அவரைத் தேசிய மாமனிதராக அறிவித்தது. தரையில் ஆளுக்கொரு மண்டலம் வரைந்து வரிசையாக உட்காருவார்கள். வெளியூரில் இருப்பவருக்கும் ஒன்று உண்டு, யமனுக்கும் அவன் தூதனுக்கும் தனியாக உண்டு. மண்டலத்தின்மேல் பூ, வால்நட், கடாரங்காய் போன்ற பெரிய எலுமிச்சை, எண்ணெயில் நனைத்த நீளத் திரி. திரி ஏற்றிய பிறகு வரிசைக்கு நடுவே யாரும் தாண்டக் கூடாது, எழுந்து போகவும் கூடாது. குழந்தையை முன்கூட்டியே பாத்ரூம் கூட்டிப் போய்விட்டு உட்கார வை. முட்டை, மீன், இறைச்சி, பயறு வடை, மது சேர்ந்த சகன் எனும் மங்கல உணவை வீட்டு மூத்த பெண்மணி ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். தயிர் சகன் என்றும் ஒன்று உண்டு, உங்களுக்கு அதைக் கேட்டுக்கொள். வாழ்த்துச் சொல் "ந்ஹூ தயா பிந்துனா".

கடைசி நாள் பாய் டிகா, சகோதரிகள் சகோதரருக்குச் செய்வது. அண்ணன் தம்பியைச் சுற்றி அருகம்புல்லால் கடுகெண்ணெய் வட்டம் போட்டு, வாசற்படியில் வால்நட்டை உடைத்து, பிறகு ஏழு நிறப் பொட்டு. வாழையிலையில் நீளக் கீறல் வெட்டி நெற்றியில் வைத்து, அரிசி மாவுக் கூழால் வெள்ளைக் கோடு இழுத்து, அது உலர்ந்த பிறகு குச்சியால் நிறங்களைப் புள்ளியாக வைப்பார்கள். கூழ் நீர்த்தாலும், உலரும் முன் அவசரப்பட்டாலும் ஏழு நிறமும் ஒன்றாகக் கலந்துவிடும். மாலை வாடாமல்லியில். அங்கே அதன் பெயர் மகமலி. அது வாடும் வரை யமன் வரக் கூடாது என்பது சகோதரியின் வேண்டுதல். நாலைந்து நாள் முன்பே சொல்லிவைக்காவிட்டால் அன்று காலையில் பூ கிடைக்காது. சகோதரரோ சகோதரியோ இல்லாதவர்களுக்காக, ராணி போகரிக் குளத்தின் நடுவிலுள்ள பால கோபாலேஸ்வரர் கோயிலை அன்று ஒரு நாள் திறப்பார்கள். 1670இல் பிரதாப் மல்லர் வெட்டிய குளம் அது. 2015 நிலநடுக்கத்தில் சேதமான கோயிலைத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள்.

பூல்பாதிக்கு முன்பே காய்கறி, மருந்து, கேஸ் சிலிண்டர் எல்லாம் வாங்கி வைத்துவிடு. பாதி காத்மாண்டு சொந்த ஊருக்குப் போய்விடும், கடைகள் பூட்டியிருக்கும், ஏ.டி.எம்.களில் பணமும் தீரும். பொக்ரா போவதாக இருந்தால் பஸ் சீட்டை இப்போதே எடு, தசைன் வாரத்தில் நின்றுகொண்டுதான் போக வேண்டிவரும்.

ஜமரா மூன்றாம் நாள் எப்படி இருக்கிறது என்று போட்டோ அனுப்பு. அவருக்கும் குழந்தைக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
சாந்தா