வங்கி மெயிலில் பொத்தான் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போலி மின்னஞ்சல் பற்றி யார் எச்சரிக்கை விட்டாலும் முதலில் ஒன்றைச் சொல்கிறார்கள்: எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. திருப்பூரில் ஒரு ஜாப் ஒர்க் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் நான். காலையில் வந்ததும் கம்பெனி மெயிலைத் திறப்பதுதான் முதல் வேலை. இப்போது வருகிற போலிகளில் பிழையே கிடையாது. சொல்லப்போனால் நிஜ வங்கியின் மெயிலைவிட அதில் இங்கிலீஷ் சுத்தமாக இருக்கிறது. அதுவும் போக, இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிக்கிற எங்கள் முதலாளி அதில் பிழையை எங்கே போய்த் தேடுவார்?

மோசடிக்காரனுக்கு எங்கள் ஊர் நடப்பு தெரியுமோ என்னவோ. இங்கே வாரச் சம்பளம், சனிக்கிழமை பட்டுவாடா. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல், அதுவும் மறுநாள் இரண்டாவது சனியோ நான்காவது சனியோ வந்து வங்கி விடுமுறையாக இருந்தால் இன்னும் வசதி, "பான் விவரம் புதுப்பிக்கப்படவில்லை, இன்று மாலை 6 மணிக்கு மேல் நெட் பேங்கிங் முடக்கப்படும்" என்று வந்து நிற்கும். சம்பளம் போடுகிற நேரத்தில் கணக்கு முடங்கினால் என்ன செய்வது என்று யாருக்கும் பதறத்தான் செய்யும். அந்தப் பதற்றத்தை வைத்துத்தான் அவன் பிழைப்பு.

போன மாதம் முதலாளி செல்போனை என்னிடம் நீட்டினார். "அக்கா, பேங்க்ல லாக் பண்றாங்களாமா. இத அமுத்தீரட்டுங்களா?"

"இருங்க தம்பி, எதையும் அமுத்தாதீங்க" என்று வாங்கிப் பார்த்தேன்.

செல்போனில் அனுப்பியவர் பெயர் மட்டும்தான் கண்ணில் படும். பெயரை யாரும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பெயர்மேல் ஒரு தட்டுத் தட்டினால்தான் அசல் முகவரி விரியும். தட்டினேன், வங்கிக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு முகவரி. அடுத்து, நடுவில் இருந்த நீலப் பொத்தானைத் தட்டாமல் விரலை அழுத்திப் பிடித்தேன். அது எங்கே கூட்டிக்கொண்டு போகும் என்கிற முகவரி மேலே வந்தது. தொடக்கத்தில் வங்கியின் பெயர் முழுசாக இருந்தது. முதலாளிக்கு முகம் தெளிந்துவிட்டது. "பேங்க் பேருதானுங்கக்கா போட்டிருக்குது!"

படித்தவர்களும் சறுக்குகிற இடம் இது. எங்கள் பக்கத்துப் பஸ்ஸில் அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் என்று பலகையில் எழுதியிருக்கும். வண்டி போய் நிற்பது கடைசியில் இருக்கிற ஊரில். இணைய முகவரியும் அதே கணக்குதான். முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே வருகிறதோ, அதற்கு முன்னால் கடைசியாக என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கே இருப்பவன்தான் சொந்தக்காரன். முதலாளிக்கு வந்ததில் அந்த இடத்தில் வாயில் நுழையாத வேறொரு பெயர் இருந்தது. பூட்டுப் படம் வருகிறதே என்று சிலர் நம்புகிறார்கள். நாம் அடிக்கிற எழுத்தை நடுவழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. போலித் தளத்துக்கும் அது காசில்லாமல் கிடைக்கிறது.

இன்னொரு வித்தையும் உண்டு. ஆங்கிலச் சின்ன எழுத்து r, n இரண்டையும் ஒட்டிப் போட்டால் m மாதிரியே தெரியும். என் கண்ணாடிக்கு அதெல்லாம் பிடிபடாது. அதனால் மெயில் அசலோ போலியோ, அது காட்டுகிற வழியில் நான் போவதில்லை. வங்கி ஆப்பை நானே தனியாகத் திறந்து பார்ப்பேன். நிஜமாகவே ஏதாவது பாக்கி இருந்தால் அங்கே சொல்லாமலா இருப்பார்கள்?

ரிசர்வ் வங்கி ஒரு நல்ல காரியம் செய்தது. இணையதள முகவரி "பேங்க் டாட் இன்" (bank.in) என்று முடியும்படி 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் எல்லாம் மாறிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டது. வங்கி அல்லாதவர்களுக்கு அந்த முகவரி கொடுக்கப்படுவதில்லை. அதற்குப் பின்னால் புள்ளி வைத்து வேறு எதையாவது ஒட்டியிருந்தால் ஆள் வேறு. சாதாரண ஜனங்களுக்கு இதைவிட லேசான அடையாளம் கிடையாது. ஆனால் எங்கள் கிளைக் கதவில் நகைக்கடன் வட்டி ஒட்டியிருக்கிறது, இன்ஷூரன்ஸ் ஒட்டியிருக்கிறது, இது மட்டும் இல்லை. மேனேஜரைக் கேட்டேன். "மெயில்ல அனுப்பிச்சிருக்கமுங்களே" என்றார். தேடிப் பார்த்தேன். முழுக்க இங்கிலீஷ். கீழே ஒரு பொத்தான். அழுத்திப் பிடித்தால் அரை முழ நீளத்துக்கு ஒரு முகவரி. வங்கியின் பெயரே இல்லாமல் ஏதோ விளம்பரக் கம்பெனி வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. போலியிலிருந்து இதை நான் எப்படிப் பிரிப்பது?

என் சண்டையே இதுதான். "லிங்கைத் தொடாதீர்கள்" என்று ஒரு கையால் எஸ்எம்எஸ் அனுப்புகிறார்கள், மறு கையால் அவர்களே லிங்க் அனுப்புகிறார்கள். வருஷமெல்லாம் பொத்தானை அமுக்கப் பழக்கிவிட்டு, ஒரு நாள் தப்பான பொத்தானை அமுக்கியதும் "கஸ்டமர் கவனக்குறைவு" என்கிறார்கள். அது வெறும் பேச்சில்லை, காசு. 2017 ஜூலை 6-ல் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி, தப்பு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வேறெங்கோ என்றால், 3 வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் கிடையாது. பாஸ்வேர்டை அவரே கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்கிற வரைக்கும் போனது அவர் தலையில். சொன்ன பிறகு போவது வங்கி தலையில். அதனால் ஏமாந்தது தெரிந்த நிமிஷமே வங்கிக்கும், இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் போன் போட வேண்டும். பணம் அடுத்த கணக்கிலிருந்து எடுக்கப்படாமல் இருந்தால் நிறுத்திவைக்க வழி உண்டு. ஆத்திரத்தில் மெயிலை அழித்துவிடக் கூடாது, போலீசுக்கு அது வேண்டும்.

வருமான வரி ரீஃபண்ட் என்று வருகிற மெயிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரீஃபண்ட் நேராகக் கணக்கில் வந்து விழும். கார்டு நம்பரோ பின் நம்பரோ துறை கேட்பதில்லை. நோட்டீஸ் வந்தால் அசலா என்று துறையின் தளத்திலேயே சரிபார்க்கலாம். ஆடிட்டரைக் கேட்டால் காட்டுவார்.

எங்கள் ஊருக்குப் பெரிய ஆபத்து வேறு. மெயில் கணக்கே பறிபோவது. "மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, பாஸ்வேர்டைப் போட்டு உறுதி செய்யவும்" என்று வரும். வங்கி பெயர் இல்லாததால் யாருக்கும் சந்தேகம் வராது. கொடுத்துவிட்டால் அவன் உடனே எதையும் தொட மாட்டான். வருகிற மெயிலெல்லாம் தனக்கும் ஒரு பிரதி வரும்படி செட்டிங்கில் மாற்றி வைத்துவிட்டு, நூல் பில், டையிங் பில் எல்லாவற்றையும் படித்துக்கொண்டே இருப்பான். பெரிய தொகை கைமாறுகிற சமயத்தில், அதே முகவரியிலிருந்து, அதே பில்லில், கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்புவான். முகவரி அசல் என்பதால் நான் மேலே சொன்ன சோதனை எதுவும் இங்கே செல்லாது. பழைய பில்லில் இருக்கிற நம்பருக்குப் போன் போட்டு, தெரிந்த குரலில் கேட்ட பிறகுதான் புதுக் கணக்குக்குப் பணம் அனுப்புவது என்று நாங்கள் வைத்திருக்கிறோம். நூல்காரர் ஒருத்தர் கோபித்துக்கொண்டார்: "ஏனுங்கம்மிணி, எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?" உங்கள்மேல் இருக்கிறது, மெயில்மேல்தான் இல்லை என்றேன்.

மெயில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டவர்கள் பலர் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். பிரதி போகிற செட்டிங் அப்படியே கிடக்கும். அதை எடுக்க வேண்டும், திறந்திருக்கிற எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேற வேண்டும், பாஸ்வேர்ட் மறந்தால் கணக்கை மீட்கக் கொடுத்திருக்கிற நம்பர் நம்முடையதுதானா என்று பார்க்க வேண்டும், பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதியும் கேட்கிற இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட வேண்டும். எங்கள் பக்கம் ஒரே மெயிலை முதலாளி, மேனேஜர், ஆடிட்டர் ஆபீஸ் பையன் என்று நாலு பேர் திறக்கிறார்கள். வேலையை விட்டுப் போனவருக்கும் பாஸ்வேர்ட் தெரியும். அதற்கு எந்த ரிசர்வ் வங்கியும் பொறுப்பில்லை, நாம்தான்.

வங்கிகளிடம் நான் கேட்பது இரண்டே. வாடிக்கையாளர் மெயிலில் பொத்தானும் லிங்கும் வேண்டாம், "ஆப்பைத் திறந்து பாருங்கள்" என்று தமிழில் ஒரு வரி போதும். "பேங்க் டாட் இன்" விஷயத்தை நகைக்கடன் வட்டிக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். ஆசிரியரே, உங்களிடம் ஒன்று: வெள்ளிக்கிழமைதோறும் ஒரு போலி மெயிலைப் படமாகப் போட்டு, பார்க்க வேண்டிய இடத்தில் வட்டம் போட்டுக் காட்டலாமே. எங்களுக்கு வந்தவற்றைக் கம்பெனி பெயர் மறைத்துப் படமெடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் தபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பனியன் கம்பெனிக் கணக்காளர்,
15 வேலம்பாளையம், திருப்பூர்.