சேகருக்கு, உன் ரோம் கணக்கு பற்றி

அன்புள்ள சேகர்,

நீயும் மாலதியும் போகிற ஐரோப்பா பயணத்துக்கு நீ அனுப்பிய எக்ஸெல் செலவுக் கணக்கை நேற்று ராத்திரி முழுசாகப் பார்த்தேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், பெரியவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது, அதை அப்புறம் விரிவாக எழுதுகிறேன். முதலில் இந்தக் கணக்கு.

ஒன்பது நாளில் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், வெனிஸ், ரோம்! கல்லூரியில் ஒரே நாளில் மூன்று படத்துக்கு எங்களை இழுத்துக்கொண்டு போனவன்தானே, மாறவே இல்லை. ஊர் மாறுகிற ஒவ்வொரு நாளிலும் பாதி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனில் போய்விடும். ரோம் ஒன்றே போதும்டா. ஏழு ராத்திரி தங்குங்கள்.

ரோமில் ஊருக்கு வெளியே ராத்திரிக்கு 80 யூரோவுக்கு ரூம் போட்டிருக்கிறாயே, அதைப் பார்த்ததும் எனக்குக் கோபமே வந்தது. மாலதிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அங்கே பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, நடுவூர்த் தெருவெல்லாம் சின்னச் சின்னக் கருங்கல் பாவியது, நல்ல காலுக்கே வலிக்கும். 130, 140 யூரோ ஆனாலும் ஊருக்குள்ளேயே, லிஃப்ட் இருக்கிற மூன்று நட்சத்திர ஓட்டலாகப் பார். மத்தியானம் ரூமுக்கு வந்து அவள் ஒரு மணி நேரம் கால் நீட்டிப் படுக்கலாம் இல்லையா? நகர வரியையும் நீ சேர்க்கவில்லை: ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 6 யூரோ, ஓட்டலில்தான் வாங்குவார்கள், ஏழு ராத்திரிக்கு உங்கள் இருவருக்கும் 84 யூரோ வரும். விசாக் கட்டணமும் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, நீ பழைய தொகையைப் போட்டிருக்கிறாய்.

சாப்பாட்டில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். காபியை கவுண்டரில் நின்று குடி, உட்கார்ந்தால் பல இடங்களில் விலை ஏறும். மத்தியானத்துக்கு துண்டு பீட்சா: எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டி, எடை போட்டுக் கொடுப்பார்கள். தண்ணீர் பாட்டிலே வாங்காதே. தெருவுக்குத் தெரு இரும்புக் குழாயில் குடிதண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகப் பீய்ச்சி அடிக்கும், குனியாமல் குடிக்கலாம்.

மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியம் இலவசம் என்று சிவப்பில் குறித்திருக்கிறாய். வேண்டாம். அந்தக் கூட்டத்தில் அவளை நிற்க வைக்காதே, 18 யூரோ கொடுத்து, நேரம் குறித்த டிக்கெட்டை முன்னாலேயே வாங்கு. இலவசமாகப் பார்க்க அங்கே எவ்வளவோ இருக்கிறது. மைக்கலாஞ்சலோவின் மோசஸ் சிலை கொலோசியத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தேவாலயத்தில் இருக்கிறது, சான் பியெத்ரோ இன் வின்கோலி. நவோனா சதுக்கத்துக்குக் கிட்டே சான் லூயிஜி தேய் ஃப்ரான்செஸி தேவாலயத்தில் ஓவியர் கரவாஜ்ஜோ வரைந்த மூன்று புனித மத்தேயு ஓவியங்கள். அதில் ஒன்றின் அச்சுப் படத்தைத்தான் மாலதி ஓவிய வகுப்பில் இத்தனை வருஷமாக மாட்டி வைத்திருந்தாள். இருட்டு மூலை, பெட்டியில் காசு போட்டால்தான் விளக்கு எரியும். சில்லறை நிறைய வைத்துக்கொள், அவள் போதும் என்கிற வரைக்கும் போடு. பத்து ஊர் பார்ப்பதைவிட எனக்கு அது பெரிசாகத் தெரிகிறது சேகர்.

மே வேண்டாம், அறை வாடகை ஏறியிருக்கும். நவம்பரில் மழை உண்டு, ஆனால் வாடகையும் கூட்டமும் குறையும். மாலதியைக் கேட்டுவிட்டுத் தேதியை எழுது, விசா அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே நாளாகும்.

அன்புடன்,
ராமு