முழங்காலளவு கடல்

திருகோணமலை
கார்த்திகை, அமாவாசைக்கு முதல் நாள்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதமும், இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்குப் பக்கத்து ஏவன்மவுத் துறைமுகத்தின் படமும் கிடைத்தன. சேற்றில் குந்தியிருக்கும் அந்தப் படகைப் பார்த்துவிட்டு, "கடலை யார் எடுத்துக்கொண்டு போனது?" என்று பேத்தி கேட்டாள். 14 மீற்றர் வரை ஏறி இறங்கும் தண்ணீரை நேரில் பார்த்துவிட்டு, "முழங்காலளவு ஏறுகிற நம்மூர்க் கடலை நீ எதற்குக் கம்பு நட்டு அளக்கிறாய்?" என்று எழுதியிருக்கிறாய். ஒரு கிழமையாக இதற்கு என்ன பதில் எழுதலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிரிஸ்டல் கால்வாய் புனல் மாதிரி ஒடுங்கிக்கொண்டே போகிறது. அதன் நீளமும் ஆழமும் வற்றுப்பெருக்கின் தாளத்தோடு ஒத்துப்போவதால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளினாற்போல் தண்ணீர் எழும்புகிறது. நமக்கு அப்படி இல்லை. துறைமுக வாசலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு இறங்குகிறது. பறுவம், அமாவாசை நாட்களில்கூட 60 சென்ரிமீற்றர் அளவில்தான் ஏற்ற இறக்கம். அட்டமி கழிந்த நாட்களில் அதுவும் இல்லை.

ஆனால் மச்சான், ஏற்றம் சிறிது என்பதால்தான் இங்கே அளக்கவேண்டியிருக்கிறது. போன கிழமை வாடை பலமாக வீசிய இரண்டு நாளும், வற்றையும் பெருக்கையும் முன்கூட்டிச் சொல்லும் அட்டவணை சொன்னதைவிட ஒரு சாண் கூடத்தான் தண்ணீர் நின்றது. உன் பிரிஸ்டலில் ஒரு சாணை யார் கணக்கெடுப்பார்கள்? இங்கே அது முழு ஏற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு. வற்று என்று அட்டவணை சொன்ன நேரத்தில், பெருக்கு மாதிரித் தண்ணீர் ஜெற்றியின் இரண்டாம் படியில் நின்றது. தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் இதற்கு மறுபக்கம். காற்று தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும்.

அட்டவணையில் பிழை என்று சொல்லவில்லை. அது சந்திரனையும் சூரியனையும் மட்டும் கணக்குப் பார்க்கிறது, அதை அபாரமாகச் செய்கிறது. ஒரு வருடம் மணிக்கு மணி எழுதிய நீர்மட்டத்திலிருந்து சந்திரனின் 12 மணி 25 நிமிடத் தாளத்தையும், சூரியனின் 12 மணித் தாளத்தையும், ஏறத்தாழ ஒரு நாள் நீளமுள்ள வேறு தாளங்களையும் பிரித்தெடுத்துவிட்டால், வரப்போகும் வருடங்களுக்கும் கூட்டிச் சொல்லிவிடலாம். 1870களில் இயற்பியலாளர் கெல்வின் பிரபு இதற்கென்றே ஒரு பொறி செய்வித்தார். ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு சக்கரம், எல்லாவற்றையும் சுற்றி ஓடும் ஒரு கயிறு, அதன் நுனியில் கோடு வரையும் பேனா. இதே வகைப் பொறிகளில் கணக்குப் போட்டுத்தான் 1944 ஜூன் 6 பிரான்சின் நோர்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படை இறங்க நேரம் குறித்தார்கள். இந்த வகைப் பொறிகள் இரண்டு லிவர்பூலில் தேசிய கடலியல் மையத்தில் இருக்கின்றன. எனக்காக ஒருமுறை போய்ப் பார்த்து, சக்கரங்களை எண்ணி எழுது.

காற்று, அமுக்கம், மழை, ஆறு இவையெல்லாம் அந்தச் சக்கரங்களில் இல்லை. காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் உயரும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் நமக்கு வடக்கே கரையேறியபோது பறுவம் கழிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. திருக்கடலூர்ப் பெடியள் படகுகளை வீதி வரை இழுத்து வைத்தார்கள். 1964 டிசம்பர்ப் புயலைப் பற்றி அம்மாமார் சொன்னதெல்லாம் அன்று இரவு முழுக்க எனக்கு ஞாபகம் வந்துகொண்டேயிருந்தது.

கம்பைப் பற்றிச் சொல்லவேண்டும். முதலில் நட்ட கம்பு மழையில் மண் கரைந்து தாழ்ந்துவிட்டது. அது தெரியாமல் மூன்று கிழமை எழுதினேன், அவ்வளவும் வீண். கடல் ஏறியதா, கம்பு தாழ்ந்ததா என்று பிரிக்க வழியில்லை. உலகக் கடல்மட்டம் கடந்த முப்பது வருடத்தில் சராசரியாக ஆண்டுக்கு 3 முதல் 4 மில்லிமீற்றர்தான் உயர்ந்திருக்கிறது. கம்பு ஒரு சென்ரிமீற்றர் தாழ்ந்தால் மூன்று வருடக் கடல் அதற்குள் மறைந்துபோகும். இப்போது ஜெற்றிக் கல்படியில் ஒரு குறி வெட்டி, மாதம் ஒருமுறை கம்பை அதோடு ஒப்பிடுகிறேன். அலை துள்ளுவதால் வாசிக்கக் கஷ்டமாக இருந்தது. அதற்கு ஒரு பிவிசி குழாயின் அடியை மூடி, சின்னத் துவாரம் ஒன்று விட்டு நிறுத்தினேன். அலை உள்ளே வராது, மெல்ல ஏறும் பெருக்கு மட்டும் வரும். பெரிய நிலையங்களிலும் வெகுகாலம் இதே முறைதான், இப்போது பல இடங்களில் ராடர் மேலிருந்து பார்க்கிறது.

அப்புறம், உன் அக்கா. இந்தக் கம்பு உண்மையில் அவவுக்காகத்தான். மாரி பிறந்தால் மூதூரிலிருந்து அவவின் போன் வரும். "தம்பி, கடல் எப்படி நிற்குது?" மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. ஆற்றின் மேல்பக்கம் மனம்பிட்டியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அளவுகோலில் ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நான் முதலில் பார்ப்பேன். பிறகு என் கம்பைப் பார்ப்பேன். வாடையும் அமாவாசைப் பெருக்கும் சேர்ந்து ஆற்றின் வாயை அடைத்து நிற்கும்போது மேலிருந்து வெள்ளமும் வந்தால், ஆறு கடலுக்குள் இறங்க இடமில்லாமல் வயலில் பரவும். போன மாரியில் ஒருநாள் "அக்கா, நெல் மூட்டைகளை மேலே ஏற்றி வையுங்கோ" என்று சொன்னேன். விடிய முற்றத்தில் தண்ணீர் நின்றதாம். ஆறும் கடலும் வேறு வேறு திணைக்களங்களின் பொறுப்பு என்பதால், இரண்டையும் ஒரே தாளில் சேர்த்து எழுதும் பழக்கம் நம்மிடம் குறைவு. எனக்கு அதுதான் பெரிய கவலை.

2004 சுனாமியைப் பற்றி நாம் இருவரும் அதிகம் எழுதியதில்லை. சுமாத்திராவில் நிலம் அதிர்ந்தது நம் நேரம் காலை ஏழுக்குச் சற்று முன். இந்தக் கரைக்கு அலை வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருந்தது. இந்து சமுத்திரத்தில் அன்று எச்சரிக்கை ஏற்பாடே இல்லை. 2012 ஏப்ரல் 11 பின்னேரம் மறுபடி அங்கே 8.6 அளவில் அதிர்ந்தபோது நாங்கள் உவர்மலைக்கு ஏறி நின்றோம். நிலம் அதிர்ந்ததை நிலநடுக்கக் கருவி சொல்லும். அலை கிளம்பியதா என்பதை நீர்மட்டம் பார்க்கும் கருவிதான் சொல்லும். அலை சிறிது என்று அவை சொன்ன பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினோம்.

சரி, வீட்டில் எல்லோரும் சுகம். எனக்கு முழங்கால் வலி, பின்னேர வாசிப்பைப் பேத்தி எழுதுகிறாள், எழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. நாளை அமாவாசை, விடிய ஐந்தரைக்குக் கம்படிக்குப் போகவேண்டும். உன்னைத் தை பிறந்ததும் வரச்சொல்லி அக்கா திரும்பத் திரும்பச் சொன்னா. பள்ளிக்கூடக் காலத்தில் லாஞ்சில் குடாவைக் கடந்து வருவாயே, அந்த ஜெற்றியில்தான் கம்பு நிற்கிறது.

உன் பழைய கூட்டாளி